கைநூலுக்கு உரியவர்

யூனிக்ஸ் என்னும் கணினி இயக்கமுறையின் பழைய வடிவங்களைப் பற்றி விஷயம் அறிந்தவர்கள் பேசும்போது, 1975-ல் வெளிவந்ததை ஆறாம் பதிப்பு என்றும், 1979 ஜனவரித் தேதியிட்டு வெளிவந்ததை ஏழாம் பதிப்பு என்றும் குறிப்பிடுவது வழக்கம். இதைக் கேட்கும் புதியவர், நிரல்களின் பதிப்புகளைத்தான் அவர்கள் எண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் அந்த எண்கள் நிரல்களோடு கூடவே எழுதப்பட்டு வந்த கைநூலுக்கு உரியவை. நிரல்கள் நாள்தோறும், சில சமயம் மணிதோறும் மாறிக்கொண்டிருந்தபடியால், இன்ன யூனிக்ஸ் என்று சுட்டிக் கூறுவதற்கு நிலையான அடையாளம் எதுவும் அவற்றினிடத்தில் இருக்கவில்லை. கைநூல் ஒன்றுதான் தாளில் ஏறி, தேதி பெற்று, முன்னட்டையில் பதிப்பெண் தாங்கி நின்றது. ஆகவே நூலின் பெயரையே யந்திரத்தில் ஓடியதும் சூடிக்கொண்டது. தொழில்நுட்ப ஆவணங்களையும் நிரல்களைப் போலவே ஒரே களஞ்சியத்தில் வைத்து, ஒரே பதிப்புக் கட்டுப்பாட்டின்கீழ்த் திருத்திப் பாதுகாக்க வேண்டும் என்று இன்றைய மென்பொருள் நிறுவனங்கள் ஏதோ புதிய சமயத்தைக் கண்டவர்கள் போலப் பிரசாரம் செய்துவருவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயர்வழக்கு நினைவுக்கு வருகிறது. அவர்கள் போகும் பாதை பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பாதை என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பிறந்த வீடு, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து முர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வுக்கூடம். மல்ட்டிக்ஸ் என்ற இயக்கமுறைப் பெருந்திட்டத்திலிருந்து அந்த ஸ்தாபனம் 1969-ல் விலகிக்கொண்ட பிறகு, அதில் உழைத்திருந்த கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் தமக்கென ஒரு நல்ல கணினி வேண்டும் என்று விண்ணப்பித்துப் பார்த்தார்கள். பட்ட சூடு ஆறாத மேலிடமோ, இயக்கமுறை என்ற சொல் காதில் விழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. சீந்துவாரின்றிக் கிடந்த பி.டி.பி-7 என்ற சிறு யந்திரத்தில்தான் யூனிக்ஸ் தவழத் தொடங்கியது. 1970-ல் ஜோ ஒஸானா, லீ மக்மஹன் ஆகியோரின் யோசனையால் விண்ணப்பத்தின் பாஷை மாறிற்று. சுமார் 65,000 டாலர் பெறுமான பி.டி.பி-11 ஒன்று கிடைக்குமானால், ஆவணங்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தி அச்சிடுவதற்கான ஏற்பாடு ஒன்றைச் செய்து தருவோம் என்று எழுதினார்கள். இயக்கமுறையைப் பற்றி மூச்சு விடவில்லை. பணம் கிடைத்தது. கோடை இறுதியில் யந்திரம் வந்து சேர்ந்தும் அதற்குரிய டிஸ்க் டிசம்பர் வரை வராமையால், அதுவரை அது ஒரு மூலையில் இருந்துகொண்டு, ஆறுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையில் குதிரையானது எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே மீளும் வழிகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தது. கணக்கு முடிய மூன்று மாதம் ஆகும் வேலை அது.

வாக்குக் கொடுத்தபடி, ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவிலிருந்து தட்டச்சர் மூவர் 1971-ன் பிற்பாதியில் அந்த யந்திரத்தின்முன் வந்து அமர்ந்து, நாள் முழுதும் காப்புரிமை விண்ணப்பங்களை அடிப்பதும் திருத்துவதுமாக இருந்தார்கள். அதே யந்திரத்தில் ஆராய்ச்சியாளர்களும் இடுக்கில் புகுந்து தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டார்கள். காப்புரிமை விண்ணப்பங்களின் பக்கங்களில் வரிகளுக்கு எண் இடவேண்டும் என்பது ஒரு நியதி. சந்தையில் விற்ற சாதனங்களில் அந்த வசதி இல்லாதிருக்க, யூனிக்ஸ் குழுவினர் தம் நிரலில் அதைச் செய்து கொடுத்தது அப்பிரிவினரின் மனத்தை வென்றதற்கு ஒரு காரணம். எழுத்தை ஒழுங்குபடுத்திய அந்த நிரலின் பெயர் ரோஃப், எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்ஸர் 1964-ல் எழுதிய ரன்ஆஃப் என்பதன் வம்சத்தில் வந்தது. யூனிக்ஸ் தன் முதல் சம்பளத்தை எழுத்துவேலை செய்து சம்பாதித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தச் சூழ்நிலையில்தான், 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கி, தாம்ஸன், ரிட்சி ஆகிய இருவரின் பெயரில், யூனிக்ஸ் கைநூலின் முதற்பதிப்பு வெளிவந்தது. அவர்களுடைய மேலாளர் டக்ளஸ் மக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதனால் பிறந்த நூல் அது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம் அல்லது சில பக்கங்கள். பெயர், பிரயோகம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள் என்ற வரிசை. இவற்றோடு "பக்" என்ற தலைப்பில், அந்த நிரலில் இன்னும் தீராதிருக்கும் குறைகளும் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டன. தான் விற்கும் சரக்கின் சொத்தையைத் தானே விலாசத்தோடு எழுதி வைக்கும் வியாபாரி எங்கேனும் உண்டா என்று கேட்கலாம். இவர்கள் அப்போது வியாபாரிகளாக இல்லை என்பதே விடை. இன்னொரு தலைப்பும் அந்த முதற்பதிப்பில் உண்டு: "உரியவர்" என்பது. அந்த நிரலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதை அவர் யந்திரத்தில் வழங்கிய சுருக்கப் பெயரால் அங்கே குறித்திருந்தார்கள்; தாம்ஸன் "கென்" என்றும், ரிட்சி "டி.எம்.ஆர்." என்றும் பக்கம் பக்கமாக அதில் காணப்படுவார்கள்.

நிரலை எழுதியவரே கைநூல் பக்கத்தையும் எழுதினார். இரண்டும் ஒரே டிஸ்கில், ஒரே திருத்தியால் திருத்தப்பட்ட வெறும் எழுத்துக் கோப்புகளாக இருந்தன. இதனால் விளைந்த நன்மை ஒன்றைப் பற்றி மக்கில்ராய் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: ஒரு நிரலின் போக்கைக் கைநூலில் விவரிக்க முயன்று, விவரிக்க வெட்கப்பட்டு, விளக்கத்தை நீட்டுவதற்குப் பதிலாக நிரலையே திருத்திவிடுவது அங்கே சாதாரணமாக நடந்ததாம். பேனாவும் உளியும் ஒரே கையில் இருக்கும்போது நடக்கக்கூடிய காரியம் இது. பேனா ஒருவரிடமும் உளி மற்றொருவரிடமும் இருந்தால், முன்னவர் கோணலை அழகான வாக்கியங்களால் மூடத்தான் முடியும்.

மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கலை, இதே காலத்தில், இதே ஸ்தாபனத்தில், வேறொரு கவலையிலிருந்து பிறந்தது. அதற்கு முன்னர் நிரல் என்பது துளையிட்ட அட்டைகளின் கட்டு. ஓர் அட்டைக்கு 80 நெடுவரிசைகள். ஃபோர்ட்ரான் மொழியில் 73 முதல் 80 வரையுள்ள நெடுவரிசைகளை மொழிபெயர்க்கும் நிரல் படிக்காது. அங்கே வரிசை எண்ணைத் துளைத்துக்கொள்வார்கள், கட்டு கைதவறிச் சிதறினால் மறுபடி அடுக்குவதற்காக. எண் இடச் சோம்பியவர்கள் அட்டைக்கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு சாய்கோட்டைப் பேனாவால் இழுத்து வைத்தார்கள். கோடு நேராக இருந்தால் கட்டு சரி. நேற்றைய நிரல் எது, இன்றையது எது, யார் எந்த அட்டையை மாற்றினார் என்பதற்கோ பீரோவும் ஞாபக சக்தியுமே சாட்சி. ஒரே நிரலின் பல வெளியீடுகள் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விட்டுப்போவதும், தீர்ந்த குறை மறுபடி முளைப்பதும் அன்றாட அவஸ்தையாயின. நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று சொல்லி வருந்தியது ஏறக்குறைய இதைத்தான். ஒரு வித்தியாசம், இங்கே பேதத்தை உண்டாக்கியவர்கள் உயிரோடு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மார்க் ராச்கிண்ட் என்பவர் 1972-ல் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். முதலில் ஐ.பி.எம். யந்திரத்துக்கென ஸ்னோபால் மொழியில் எழுதி, பிறகு யூனிக்ஸுக்கென ஸி மொழியில் மாற்றி எழுதிய எஸ்.சி.சி.எஸ். (மூலநிரல் கட்டுப்பாட்டு முறை) என்ற அந்த ஏற்பாட்டில், ஒரு கோப்பின் எல்லாப் பருவங்களும் ஒரே கோப்பினுள் ஊடும் பாவுமாகப் பின்னிக் கிடக்கும். எந்த வரி எந்தத் திருத்தத்தில் புகுந்தது, எதில் நீங்கியது என்ற குறிப்பு இடையிடையே இருக்கும். வேண்டிய பருவத்தின் எண்ணைச் சொன்னால் அதற்குரிய இழைகளை மட்டும் உருவித் தரும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் "டெல்டா" என்று பெயர். திருத்தியவர் அதைச் சேமிக்க வந்தவுடன் யந்திரம் அவரிடம் ஒரு கேள்வி கேட்கும்: குறிப்பு என்ன? ஏன் மாற்றினாய் என்று கேட்டுப் பதிலைத் தேதியோடும் பெயரோடும் பத்திரப்படுத்தும் இந்தச் சிறு சம்பிரதாயம், அந்த ஏற்பாட்டின் கணித நுட்பங்களைவிட நீண்ட ஆயுள் பெற்றதாக எனக்குத் தோன்றுகிறது. 1975-ல் ராச்கிண்ட் இதை ஒரு கட்டுரையாகப் பிரசுரித்தார். பின்னர் யூனிக்ஸின் ஒரு கிளையோடு இது வெளிவந்தபோது, அதற்கு எழுதப்பட்ட வழிகாட்டி, மூலநிரலையும் ஆவணங்களையும் ஒருசேர இதன் விஷயமாகக் குறித்தது. பெயரில் "மூலநிரல்" என்று இருந்தாலும், வரிவரியாக அமைந்த எழுத்து எதுவானாலும் அதற்குச் சம்மதமே.

வரிவரியாக என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1974-ல் யூனிக்ஸில் சேர்ந்த டிஃப் என்ற நிரல், ஜேம்ஸ் ஹன்ட்டும் மக்கில்ராயும் வகுத்த முறைப்படி, இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, ஒன்றை மற்றொன்றாக்க எந்த வரிகளை நீக்க வேண்டும், எவற்றைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். நிரலுக்கு இது இயற்கையாகப் பொருந்தியது. நிரலின் வரி ஒரு கருத்தைத் தாங்கிய அலகு. உரைநடையின் வரியோ, தாளின் அகலம் தீர்ந்த இடத்தில் முறிவது. ஒரு பத்தியின் தலையில் ஒரு சொல்லைச் செருகினால் கால்வரை எல்லா வரிகளும் நகர்ந்துபோய், எல்லாமே மாறிவிட்டதாக டிஃப் கூக்குரலிடும். இந்தத் தொல்லைக்கு மருந்தும் அதே 1974-ல் பிரயன் கெர்னிகன் புதியவர்களுக்கென எழுதிய யூனிக்ஸ் அறிமுகக் குறிப்பில் இருக்கிறது. ஆவணம் தயாரிப்போருக்கு அவர் சொன்ன யோசனை: ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குங்கள், காற்புள்ளி, அரைப்புள்ளி போன்ற இயல்பான இடங்களில் வரியை முறித்துக்கொள்ளுங்கள், அச்சில் பத்தியாகச் சேர்த்துக்கொள்ளும் வேலையை ரோஃப் பார்த்துக்கொள்ளும். வாக்கியங்களை இடம் மாற்றவும் வெட்டவும் இது சுலபம் என்பதே அவர் கருதிய நன்மை. எழுதும்போது செய்யுள் போலவும், அச்சில் வசனமாகவும் இருக்கும் அந்த முறையை, நாற்பது ஆண்டுகள் கழித்து ஆவண எழுத்தாளர்கள் பலர் தாமே கண்டுபிடித்த இரகசியம் போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு நெருங்கிப் பிறந்த நிரலும் கைநூலும் பிரிந்தது எப்படி? பெரிய நிறுவனங்களில் அவை என்றுமே சேர்ந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஐ.பி.எம். போன்ற ஸ்தாபனங்களில் நிரல் எழுதுவோர் ஒரு கட்டடத்திலும், கைநூல் எழுதுவோர் வேறொரு கட்டடத்திலும் இருந்தார்கள்; கைநூல்கள் துளையிட்ட தாள்களாக வளையக் கோப்புகளில் வந்தன. நிரல் மாறியதும் முழுநூலையும் அச்சிடாமல், மாறிய பக்கங்களை மட்டும் கட்டி அனுப்புவார்கள். வாங்கியவரின் அலுவலகத்தில் யாரேனும் ஒரு குமாஸ்தா பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளைச் செருக வேண்டும். மாறிய வரிகளுக்கு நேராக ஓரத்தில் ஒரு நெடுங்கோடு அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கோடுதான் அக்காலத்து டிஃப். ஒரு பக்கம் வெறுமையாக நின்றுவிட்டால், தாள் தொலைந்ததோ என்று வாசகர் கலங்காமலிருக்க, இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது என்று அச்சிடுவார்கள். அப்படி அச்சிட்டவுடன் அந்தப் பக்கம் வெறுமையாக இல்லை என்பதை எண்ணிச் சிரிக்காதவர் யார்? டிஜிட்டல் நிறுவனத்தின் வி.எம்.எஸ். கைநூல்கள் ஒரு காலத்தில் செம்மஞ்சள் நிறக் கோப்புகளில் வந்து, அலமாரி முழுதும் நிறைந்து, "செம்மஞ்சள் சுவர்" என்றே பெயர் பெற்றன.

நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த காரியாலயம் ஒன்றில், இவ்வாறு வந்த மாற்றுத் தாள்கள், செருகுவதற்கு ஆளின்றி, வந்த உறைகளிலேயே ஜன்னலோரம் அடுக்கப்பட்டிருந்தன. சுவரில் இருந்த நூலும், உறையில் இருந்த திருத்தமும், யந்திரத்தில் ஓடிய நிரலும் மூன்று வெவ்வேறு வருஷங்களைச் சேர்ந்தவை என்பதை ஒரு நாள் இரவு முழுதும் விழித்த பிறகு தெரிந்துகொண்டோம்.

1980-களில் பக்க அமைப்பு நிரல்கள் வந்து கைநூல்களை அழகாக்கின. கூடவே அவற்றைப் பூட்டியும் வைத்தன. ஃபிரேம்மேக்கர் முதலியவற்றின் கோப்பைத் திறந்தால் அந்த நிரலைத் தவிர வேறெவருக்கும் விளங்காத பைட்டுகள். டிஃபுக்கு அதில் சொல்ல முடிந்தது, இரண்டும் வேறு என்ற ஒரே வார்த்தை. இந்த வருஷங்களில் எதிர்நீச்சல் போட்டவர்களில் டொனால்டு க்னூத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. நிரலும் அதன் விளக்கமும் ஒரே கோப்பில், வாசகருக்கு ஏற்ற வரிசையில், ஒரு கட்டுரை போல எழுதப்பட வேண்டும் என்று அவர் 1984-ல் எழுதினார். டெக்ஸ் என்ற தமது அச்சுக்கோப்பு நிரலை அப்படியே எழுதியும் காட்டினார். பலர் அவரைப் புகழ்ந்தார்கள், சிலர் பின்பற்றினார்கள்.

பதிப்புக் கட்டுப்பாடோ தன் வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. பர்டூ பல்கலைக்கழகத்து வால்டர் டிஹி 1982-ல் வெளியிட்ட ஆர்.சி.எஸ்., புதிய பருவத்தை முழுமையாகவும் பழையவற்றைப் பின்னோக்கிய வேறுபாடுகளாகவும் வைத்துக்கொண்டது. அதன் கைநூல், நிரல், ஆவணம், ஆராய்ச்சிக் கட்டுரை, அச்சுவார்ப்புக் கடிதம் வரை எல்லாவற்றுக்கும் தான் பயன்படும் என்று தாராளமாகச் சொல்லிற்று. எனினும் ஒருவர் கோப்பை எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும் என்ற பூட்டு முறை எஸ்.சி.சி.எஸ்., ஆர்.சி.எஸ். இரண்டிலும் இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூனும் அவருடைய மாணவர் இருவரும் ஒரு ஸி கம்பைலரில் உழைத்தபோது, மூவரும் மூன்று வேளைகளில் வேலை செய்பவர்களாக இருந்தமையால், பூட்டுக்குக் காத்திருப்பது சாத்தியப்படவில்லை. அவரவர் தம் பிரதியில் திருத்திக்கொள்ளட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம், ஒரே வரியில் இருவர் கைவைத்திருந்தால் மட்டும் பேசித் தீர்ப்போம் என்ற கொள்கையோடு க்ரூன் எழுதி 1986-ல் வெளியிட்ட சி.வி.எஸ்., பின்வந்த எல்லாவற்றுக்கும் மனப்பான்மையைக் கொடுத்தது. 1995-ல் ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளையினர் தங்கள் சி.வி.எஸ். களஞ்சியத்தை எவரும் படிக்கும்படி திறந்து வைத்தார்கள். கைநூல் பக்கங்கள் அதே களஞ்சியத்தில் நிரல்களோடு இருந்தன. கைநூலில் உள்ள பிழை, நிரலில் உள்ள பிழைக்குச் சமமான பிழையே என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை எழுதத் தொடங்கியதும், நான்கே நாளில் கிட் தன் மூலநிரலைத் தானே காக்கத் தொடங்கியதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. அதன் கைநூலும் ஆரம்ப முதல் அதே களஞ்சியத்தில் ஓர் அறையில் குடியிருப்பது மட்டும் இங்கே போதுமானது. அந்தக் கைநூல் எளிதில் விளங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும். 2008-ல் கிட் களஞ்சியங்களை வலையில் வைக்கும் கிட்ஹப் என்ற தளம் வந்தபின், முன்பின் அறியாத ஒருவர் ஓர் ஆவணத்தின் எழுத்துப்பிழையைத் திருத்தி, புல் ரிக்வெஸ்ட் என்ற விண்ணப்பமாக அனுப்ப, உரியவர் பார்த்து ஏற்றுக்கொள்ளும் பழக்கம் பரவியது.

ஆனால் ஆவணங்கள் வீடு திரும்பியதற்கு கிட்டைவிட அடக்கமான ஒரு காரணம் உண்டு. அது மொழியைப் பற்றியது. பைத்தான் மொழியின் ஆவணங்கள் நெடுங்காலம் லேடெக்ஸ் குறிகளில் எழுதப்பட்டு, நிரலோடு ஒரே களஞ்சியத்திலேயே இருந்தன. இருந்தும் ஒரு வாக்கியத்தைத் திருத்த விரும்பியவர்கூட அந்தக் குறிகளின் முட்புதரைக் கண்டு திரும்பிப் போனார். 2007-ல் கியோர்க் பிராண்டல் என்பவர் அவ்வளவையும் சாதாரண எழுத்தைப் போலவே படிக்கக்கூடிய ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எளிய குறிமுறைக்கு மாற்றி, அதிலிருந்து பக்கங்களை உண்டாக்க ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவியையும் செய்தார். 2008 அக்டோபரில் வந்த பைத்தான் 2.6 அந்தப் புதிய ஆவணங்களோடு வந்தது. 2016-ல் லினக்ஸ் என்ற இயக்கமுறையின் கருவுக்குரிய ஆவணங்களும் ஸ்ஃபிங்க்ஸிடம் வந்து சேர்ந்தன. ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்ட மார்க்டவுனும் இதே இனம். ஒரு நட்சத்திரக் குறியும் ஒரு காலி வரியும் போதும் என்றான பிறகு டிஃபுக்கு மறுபடி பேச வந்தது. களஞ்சியத்தில் திருத்தம் விழுந்தவுடன் ஆவணத்தைத் தானாகக் கட்டி வெளியிடும் ரீட் த டாக்ஸ் 2010-லும், இத்தொழிலினர் கூடும் ரைட் த டாக்ஸ் மாநாடு 2013-ல் போர்ட்லந்து நகரிலும் தோன்றின. ஆன் ஜென்டில் 2017-ல் எழுதிய நூலுக்குப் பிறகு இவ்வழக்கத்துக்குச் சாஸ்திரமும் ஏற்பட்டுவிட்டது.

இதில் எனக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. நிரல் அறியாது, தெளிந்த வாக்கியம் மட்டும் அறிந்த எழுத்தாளர் ஒருவர், இன்று ஒரு காற்புள்ளியை நகர்த்துவதற்குக் கிளை வெட்டவும், கமிட் செய்யவும், மோதலைத் தீர்க்கவும் கற்றாக வேண்டும். நிரலில் பிழை புகுந்தால் சோதனைகள் தடுத்து நிறுத்தும். ஆவணத்தில், அறுந்த சுட்டியையும் பிழையான குறியையும் யந்திரம் பிடிக்கும், பொய்யான வாக்கியத்தைப் பிடிக்காது. முர்ரே ஹில்லில் அதைப் பிடித்தது எழுதியவரின் வெட்கம்.

முதற்பதிப்பில் பக்கந்தோறும் இருந்த "உரியவர்" என்ற தலைப்பு, யூனிக்ஸ் பெருகி, பக்கங்களில் பலர் கைபட்ட பிறகு, பின்வந்த பதிப்புகளில் மறைந்துபோயிற்று. இன்று அது வேறு உருவில் திரும்பியிருக்கிறது. ஓர் ஆவணத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரையும் தேதியையும் எழுதிக் காட்டும் கட்டளை ஒன்று கிட்டில் உண்டு. அதற்கு வைத்த பெயர் "பழி". கிட்டுக்கு முன் சி.வி.எஸ்.ஸின் இடத்தைப் பிடித்த சப்வெர்ஷன் என்ற கருவியிலும் அதே கட்டளை அதே பெயரில் இருந்தது. ஆனால் அங்கே "புகழ்" என்று தட்டினாலும் அதே பட்டியல்தான் வரும்.